இணையப் பக்கமும் வருவோர் கருவிகளும்

ஒரு வகுப்பிலே பாடம் ஒன்று. அதனைக் கேட்கும் மாணாக்கரோ பலர். சொன்னவுடன் பற்றுவோரும் உளர். இருமுறை கேட்டுத் தெளிவோரும் உளர். கடைசி வாங்கிலிருந்து கரும்பலகை தெரியாமற் கண்ணைச் சுருக்குவோரும் உளர். நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. மூவகையாரும் ஒரே அறையில் இருக்கும்போது ஆசிரியர் யாரை நோக்கிப் பேசுவது என்னும் வினா கற்பித்தற் றொழில் தோன்றிய நாள்முதல் உள்ளது. முன்வாங்கு மாணாக்கரை மட்டும் நோக்கிப் பாடத்தை முடிப்பவர் அன்றைய பாடத்தை முடித்தார் எனலாம். வகுப்பைக் கற்பித்தார் எனல் இயலாது.

இணையத்திலே ஒரு பக்கத்தை ஆக்கி வைப்பாருக்கும் இதே வினா எழுகின்றது. வகுப்பறை ஆசிரியராவது மாணாக்கர் முகத்தைக் காண்கின்றார். பக்கத்தை ஆக்குவோரோ, வருவோர் எந்நாட்டினர், எத்தகைய கணினியினர், அக்கணினியிலுள்ள மென்பொருள் எவ்வாண்டுப் பதிப்பினது என்பன ஒன்றும் அறியார். அறியாதவிடத்தும் யாவர்க்கும் பயன்படுமாறு ஒரு பக்கத்தை அமைப்பது எங்ஙனம் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாம் தமிழாசிரியரேயன்றிக் கணினி வல்லுநர் அல்லேம். எனினும் பட்டறிந்த ஒன்றைச் சொல்லுதற்கு உரிமையுண்டு எனக் கருதுகின்றோம்.

2011ஆம் ஆண்டளவில், வெளிநாட்டில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் தமிழ் இலக்கணப் பாடங்கள் சிலவற்றை அசையும் படங்களாக ஆக்கித் தந்தார். புணர்ச்சி விதிகளை அவை காட்டிய அழகே அழகு. ‘மரம்’ என்பதும் ‘வேர்’ என்பதும் இருபுறமிருந்து நடந்துவர, இடையிலுள்ள மகரமெய் நழுவி வீழ்ந்து ‘மரவேர்’ ஆகும். ‘பொன்’னும் ‘குடம்’உம் நெருங்க, னகரம் றகரமாய்த் திரிந்து ‘பொற்குடம்’ ஆகும். சூத்திரத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள் இவற்றைக் கண்டு சிரித்துக் கற்றனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவை எமக்குக் கைகொடுத்தன.

பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், 2021ஆம் ஆண்டு தை மாதத்தில், இப்பாடங்களை வீட்டிலிருக்கும் மாணாக்கருக்கு அனுப்ப எண்ணித் திறந்தோம். பாடம் இருந்த இடத்திலே சாம்பல்நிறப் பெட்டியொன்று மட்டும் நின்றது. கோப்பு அழியவில்லை, ஓரெழுத்தும் மாறவில்லை, கணினியும் பழுதடையவில்லை. அப்பாடத்தை வாசித்துக் காட்டும் கருவி மட்டும் உலகிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. ஏடு இருக்க, அதனை வாசிப்பார் இல்லாதொழிந்தனர். மிக வேண்டிய காலத்திலே எம் கை வெறுங்கையாயிற்று. இஃது எவ்வாறு நேர்ந்தது எனத் தேடிய தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

செருகியும் இயக்கப்பொறியும்

உலாவி என்பது இணையப் பக்கத்தைப் பெற்றுத் திரையிற் காட்டும் மென்பொருள். ரிம் பேர்ணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் 1989ஆம் ஆண்டு முன்மொழிந்து, 1991இல் உலகுக்கு வழங்கிய வலை, முதலில் எழுத்தையும் இணைப்பையுமே நோக்கமாகக் கொண்டது. அசையும் படம், ஓசை, விளையாட்டு முதலியன அதற்குப் புறம்பானவை. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த நெற்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு, பிறர் ஆக்கிய துணை மென்பொருள்களைத் தன்னுள்ளே பொருத்திக்கொள்ள இடமளித்தது. இத்துணை மென்பொருளே செருகி எனப்படும். தான் காட்டவியலாத வகைக் கோப்பு வரும்போது, உலாவி பக்கத்திலே ஒரு சதுரத்தை ஒதுக்கி, ‘இஃது உன் பொறுப்பு’ எனச் செருகியிடம் ஒப்படைத்துவிடும்.

இயக்கப்பொறி என்பது இன்னும் சற்று ஆழ்ந்தது. ஒரு செய்நிரலைக் கணினி நேரே இயக்காது, இடைநின்று ஓர் பொறி படித்துப் படித்து இயக்குவதுண்டு. கூத்தேடு ஒன்றாயினும், அதனைப் படித்து ஆட்டுவிக்கும் அண்ணாவியார் ஊர்தோறும் வேண்டுமன்றோ? அவ்வாறே, சண் மைக்குரோசிஸ்ரம்ஸ் கொம்பனி 1995இல் வெளியிட்ட ஜாவா மொழியில் ஒருமுறை எழுதிய செய்நிரலை எக்கணினியிலும் இயக்கலாம் என்றனர். ஆனால் அக்கணினியில் ஜாவாவின் இயக்கப்பொறி இருத்தல் வேண்டும். பிளாஷ் என்னும் செருகியும் இத்தகையதே. 1996இல் பியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் பெயருடன் தோன்றி, அவ்வாண்டிறுதியில் மக்குரோமீடியாவின் கைக்கு வந்து பிளாஷ் எனப் பெயர் பெற்று, 2005இல் அக்கொம்பனியுடன் அடோபியின் உடைமையாயிற்று. எம் இலக்கணப் பாடங்கள் பிளாஷில் ஆக்கப்பட்டவையே.

அண்ணாவியார் பலராயின் ஆட்டமும் பலவாகும். பிளாஷின் ஆறாம் பதிப்பு 2002இலும், ஏழாம் பதிப்பு 2003இலும், எட்டாம் பதிப்பு 2005இலும், ஒன்பதாம் பதிப்பு 2006இலும், பத்தாம் பதிப்பு 2008இலும் வெளிவந்தன. ஒன்பதாம் பதிப்பிற்கென எழுதியதை ஏழாம் பதிப்பினர் காணமாட்டார். ஆயினும் பழையதைப் புதியது காட்டவேண்டும் என்னும் கடப்பாட்டை அக்கொம்பனி மறக்கவில்லை. ஒன்பதாம் பதிப்பிலே புதிய செய்நிரல் மொழிக்கென ஒரு பொறியும், பழையவற்றுக்கென முந்திய பொறியும் என இரண்டினை ஒருங்கே வைத்தனர். ஜாவாவிலோ ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அதன் பதிப்பெண் பொறிக்கப்பட்டிருக்கும். ஐந்தாம் பதிப்பிற்கு 49, ஆறாம் பதிப்பிற்கு 50 என்பன அவ்வெண்கள். 50 எனப் பொறித்த கோப்பை ஐந்தாம் பதிப்புப் பொறி ஏற்க மறுத்துவிடும். ஆகவே, ஆக்குவோர் புதிய கருவியால் ஆக்கினும், பழைய எண்ணையே பொறிக்குமாறு கட்டளையிட்டு ஆக்கின் பலர்க்கும் பயன்படும். ‘தேவைக்கு மேற்பட்ட பதிப்பைக் கேளாதே’ என்பது இத்துறையின் முதல் நல்லறிவு.

பெயர் கேட்டலும் திறன் கேட்டலும்

வருவோர் கருவியை அறிதற்கு இரு வழிகள் உள. ஒன்று, ‘நீ யார்? உன் பதிப்பெண் யாது?’ எனக் கேட்டல். மற்றொன்று, ‘இது உனக்கு இயலுமா?’ எனக் கேட்டல். முதலாவது எளிதுபோலத் தோன்றிப் பெருங்குழப்பத்தை விளைத்தது.

உலாவி ஒவ்வொன்றும் பக்கத்தைக் கேட்கும்போது தன் பெயரையும் பதிப்பெண்ணையும் கூறும். நெற்ஸ்கேப் தன்னை ‘மொசில்லா’ என்றது. அப்பெயரைக் கூறுவோர்க்கே நல்ல பக்கத்தை அனுப்புமாறு தளங்கள் பல அமைக்கப்பட்டன. பின்வந்த மைக்குரோசொவ்ற்று உலாவி, தனக்கும் அது கிடைக்கவேண்டுமென்று தானும் ‘மொசில்லா’ என்றது. வழிவழி வந்த உலாவிகளுட் பெரும்பாலானவை அவ்வாறே செய்தன. இன்றும் குறோம், சபாரி, எட்ஜ் ஆகிய யாவும் தம்மை முதலில் ‘மொசில்லா’ என்றே அறிமுகஞ் செய்கின்றன. பெயர் கேட்டு உள்ளே விடும் வாயிலில், வருவோர் அனைவரும் ஒரே பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டனர் என்க.

பதிப்பெண்ணைக் கேட்பதிலும் இடர் உண்டு. எண்ணை எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகக் கொண்டு ஒப்பிட்ட செய்நிரல்கள் பல இருந்தன. அகராதி வரிசைப்படி எழுத்துக்களை இடமிருந்து ஒவ்வொன்றாய் ஒப்பிடின், 10 என்பது 1இல் தொடங்குதலால் 9இன் முன்னே வைக்கப்படும். இதனாற் பத்தாம் பதிப்பை வைத்திருந்தோரை நோக்கி, ‘உமது பதிப்பு மிகப் பழையது, புதியதைப் பெறுக’ எனப் பக்கங்கள் சில கூறலாயின. முதல் இலக்கத்தை மட்டும் படித்தவையும் இவ்வாறே தவறின. 2009இல் வந்த ஒப்பெரா உலாவியின் பத்தாம் பதிப்பு, இக்குழப்பத்துக்கு அஞ்சித் தன்னை 9.80 என்றே அறிவித்தது. பதிப்பெண்ணைப் புள்ளியிற் பிரித்து, முதற்பகுதியை முதற்பகுதியோடும் இரண்டாம் பகுதியை இரண்டாம் பகுதியோடும் எண்ணாக ஒப்பிடுவதே முறை. இச்சிறு கணக்கு வழுவினாற் கதவடைக்கப்பட்டோர் எத்துணையர்!

திறனைக் கேட்டல் இதனினும் செவ்விது. ‘ஓசையை ஒலிப்பிக்க வல்லையா?’ எனச் செய்நிரல் உலாவியை வினவும். வல்லதாயின் ஓசைப் பகுதியைத் தரும். அன்றாயின் எழுத்தைத் தரும். ஆசிரியர் தம் மாணாக்கனிடம், ‘நீ எந்தப் பாடசாலையிலிருந்து வந்தாய்?’ எனக் கேட்டுத் தரத்தைத் தீர்மானியாது, ‘இப்பத்தியை வாசி, பார்ப்போம்’ எனக் கேட்பது போல்வது இது.

மூலமும் உரையும்

இனி, கருவி இல்லார்க்குச் செய்வது யாது? 1990களின் இறுதியிலே தளங்கள் பலவற்றின் வாயிலில், ‘இன்ன உலாவியிற் காண்க, இன்ன செருகியைப் பெறுக’ எனப் பலகை தொங்கிற்று. வீட்டுக் கணினியினர் அவ்வாறு பெறலாம். பாடசாலைக் கணினியறையிலும் நூல்நிலையத்திலும் அலுவலகத்திலும் இருப்போருக்கு மென்பொருளைப் புகுத்தும் உரிமை இல்லை. தொலைபேசிக் கம்பிவழி மெல்ல மெல்ல இணையம் வந்த காலத்தில், செருகியை இறக்குவதற்கே நெடுநேரங் காத்திருத்தல் வேண்டும். அப்பலகை இவர்கட்கெல்லாம் சாத்திய கதவேயாகும்.

தமிழர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. தமிழிணையத்தின் தொடக்க காலத்திற் பக்கந்தோறும் ஒவ்வோர் எழுத்துரு வழங்கிற்று. ஈழத்துத் தளங்கள் பல பாமினி எழுத்துருவைக் கையாண்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பக்கத்தைத் திறப்பின், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளற்றுக் குவிந்து கிடக்கும். செய்தி ஒன்றைப் படிக்க வேண்டின் முதலில் எழுத்துருவை இறக்குதல் வேண்டும். 1991இல் வெளிவந்த யூனிகோட் முறையின் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துக்கு இடமிருந்தும், அது கணினிகளிற் பரவி வழக்கில் நிலைக்கப் பல்லாண்டு சென்றது. எழுத்து யாவர்க்கும் பொதுவான எண்ணைப் பெற்ற பின்னரே, அனுப்புவோர் எழுத்துரு வேறாயினும் பெறுவோர் தமிழைத் தமிழாகவே கண்டனர்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி வலையின் அடிப்படை விதியொன்றிலேயே அமைந்துள்ளது. உலாவி தான் அறியாத குறியொன்றைக் கண்டால், அக்குறியை விடுத்து அதனுள்ளிருக்கும் எழுத்தைக் காட்டும். ஆதலின், 1997இல் வந்த நான்காம் பதிப்பு வலைக்குறி மொழி, பொருட்குறி ஒன்றினுள் மற்றொன்றை அடுக்க இடந்தந்தது. வெளிப்புறத்தே அசைபடம், அதனைக் காட்ட இயலாதாயின் உள்ளே அசையாப் படம், அதுவும் இயலாதாயின் அதனுள்ளே எழுத்தாலான விளக்கம். வருவோர் கருவி எப்படியினதோ அப்படியில் நின்று பயன் கொள்ளும். ஒருவரும் வெறுங்கையராய்த் திரும்பார்.

2003ஆம் ஆண்டில் ஸ்ரீவ் சாம்பியன் என்பார் இக்கருத்தையே தலைகீழாக நிறுத்தி ஒரு கொள்கையாக்கினார். உயர்ந்ததைக் கட்டிவிட்டு இல்லாதார்க்கு ஏதேனும் குறைத்துக் கொடுப்பதன்று. யாவர்க்கும் எட்டும் எழுத்தை முதலில் நன்கமைத்து, அதன்மேல் இயன்றோர்க்கு இயன்றதைப் படிப்படியாகச் சேர்ப்பது என்பதே அது. தமிழ் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. நன்னூலுக்கு மூலம் உண்டு. சுருங்கிய காண்டிகையுரை உண்டு. விரிந்த விருத்தியுரை உண்டு. ஆறுமுக நாவலர் காண்டிகையுரை செய்தது, விருத்தியுரையுள் நேரே புகமாட்டாத மாணாக்கரும் நன்னூலைக் கற்றல் வேண்டும் என்பதற்காகவன்றோ? விருத்தியை அறியாதவன் மூலத்தை இழப்பதில்லை. ஆனால் மூலத்தை எழுதாது விருத்தியை மட்டும் எழுதிவைத்த நூல் எங்கேனும் உண்டோ? எம் இலக்கணப் பாடங்களில் யாம் செய்த பிழை அதுவே. சூத்திரமும் விளக்கமும் எடுத்துக்காட்டும் யாவும் அசைபடத்தினுள்ளே மட்டும் இருந்தன. படம் மறைய, யாவும் உடன் மறைந்தன.

பழமையைப் பேணலும் காவலும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். பழைய பதிப்பினர் யாவரையும் தாங்கிக்கொண்டே இருத்தல் நன்றோ? அன்று என்பதே விடை. பழைய செருகிகளின் ஓட்டைகள்வழிக் கள்வர் புகுந்தனர். 2013ஆம் ஆண்டு தை மாதத்தில் ஜாவாச் செருகியிற் கண்ட ஓட்டை காரணமாக, அதனை உலாவியில் நிறுத்திவைக்குமாறு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே அறிவுறுத்திற்று. தம் பக்கம் பழைய பதிப்பிலேயே இயங்கும் என்பதனால், வருவோரை அப்பதிப்பைக் கைவிடாதிருக்கச் செய்யும் தளத்தார், விருந்தினரைப் பூட்டில்லா வீட்டிற் படுக்கவைத்தவர் ஆவர். ஆகவே முறை இரண்டு. பழையது வைத்திருப்போர்க்கு எழுத்தையேனும் மறுக்கலாகாது. பழையதையே வைத்திருக்குமாறு ஒருவரையும் கட்டுப்படுத்தலும் ஆகாது.

செருகிகளின் காலம் இவ்வாறே முடிவுக்கு வந்தது. 2007இல் வந்த அப்பிள் கொம்பனியின் ஐபோன் பிளாஷை ஏற்கவில்லை. 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் ஐந்தாம் பதிப்பு வலைக்குறி மொழி முறையாக ஏற்கப்பட்டது. ஓசையும் காணொளியும் வரைதலும் செருகியின்றி உலாவிக்கே இயல்பாயின. குறோம் 2015இலும், பயர்பொக்ஸ் 2017இலும் பழைய செருகி முறையைக் கைவிட்டன; பயர்பொக்ஸ் பிளாஷுக்கு மட்டும் அப்போது விலக்களித்தது. 2018இல் வந்த ஜாவாவின் பதினோராம் பதிப்பில் உலாவிச் செருகி இல்லை. பிளாஷை 2020 முடிவில் நிறுத்துவதாக அடோபி 2017இலேயே அறிவித்தது. அறிவித்தவாறே 2020 மார்கழி 31இல் ஆதரவு நின்றது. 2021 தை 12 முதற் செருகி தானே கோப்புகளைக் காட்ட மறுத்தது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. யாம் அதனைக் கவனித்திலேம். குறை எம்முடையதே.

செருகி ஒழிந்தமையாற் சிக்கல் ஒழிந்தது எனக் கருதற்க. இன்று உலாவியே இயக்கப்பொறி. ஆண்டு பல சென்ற கைத்தொலைபேசியில் பழைய உலாவியுடன் ஒரு பிள்ளையும், புத்தம்புதிய கருவியுடன் மற்றொரு பிள்ளையும் அதே பக்கத்தைத் திறக்கின்றனர். கருவியின் பெயர் மாறிற்று, வாங்குகள் மாறவில்லை.

எம் பாடங்களின் கதை முற்றும் துயரமாக முடியவில்லை. ரபிள் என்னும் மென்பொருள் பிளாஷ் பொறியைப் புதிதாக எழுதி, செருகியின்றியே உலாவியில் இயங்கச் செய்கின்றது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணகம் இதன் துணைகொண்டே பழைய பிளாஷ் ஆக்கங்களைக் காட்டத் தொடங்கியது. பழைய செய்நிரல் மொழியில் எழுதியவை பெரும்பாலும் இதனால் உயிர்பெறுகின்றன. எம் பாடங்களுட் சில மீண்டும் அசைந்தன, சில அசையவில்லை. அசையாதவற்றுக்குப் பழைய மாணவரிடமிருந்த மூலக் கோப்புகளும் கிடைத்தில. மாணாக்கர் சிலரோடு அமர்ந்து, நினைவிலிருந்தவற்றை எழுத்தாக்கினோம். இம்முறை சூத்திரத்தின் பொருளும் எடுத்துக்காட்டும் முதலில் வெறும் எழுத்தாக நின்றன. அதன் கீழே படம். அதன் கீழே அசைவு. முதன்முறை அப்பக்கத்தை அனுப்பியபோது, உடைந்த திரையுள்ள பழைய தொலைபேசியை வைத்திருந்த மாணவன் ஒருவன், ‘சேர், எனக்கு எழுத்து மட்டுந்தான் வருகுது, ஆனால் விளங்குது’ என்றான். அச்சொல்லினும் பெரிய நற்சான்று எமக்கு வேண்டுவதில்லை.

ஏட்டுச்சுவடிகள் செல்லுக்கு இரையாகிய காலத்தில், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தேடித் தேடி அவற்றை அச்சேற்றினார்கள். 1881இல் வீரசோழியமும் 1887இல் கலித்தொகையும் அவர்கள் பதிப்பில் வெளிவந்தன. ஓலையில் மட்டும் இருந்ததைக் காகிதத்துக்கு மாற்றியமையாலன்றோ அவை இன்று எம் கையில் உள்ளன. கருவி அழியும், கருவியோடு பிணைக்கப்பட்ட கல்வியும் அழியும். எளிய எழுத்தில் நின்ற கல்வி, வேறு கருவிக்குத் தாவி வாழும்.

இவ்விழாவினையொட்டிக் கல்லூரிக்கென இணையப் பக்கங்களும் பாடங்களும் ஆக்கித்தர முன்வரும் பழைய மாணவர் பலர் என அறிகின்றோம், மகிழ்கின்றோம். அவர்கள்பால் எம் வேண்டுகோள் மூன்று. எழுத்தை முதலில் வையுங்கள். அழகை அதன்மேல் ஏற்றுங்கள். உங்கள் புதிய கணினியில் மட்டும் பார்த்து அமையாது, எம் கணினியறையின் பழைய கணினியிலும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஆக்கிய மூலக் கோப்புகளையும் கல்லூரி நூல்நிலையத்தில் ஒப்படையுங்கள். கடைசி வாங்கிலிருந்து படித்து முன்னேறியோர் உங்களுள்ளும் உளர். அவ்வாங்கை மறவாதிருப்பதே நீங்கள் கல்லூரித்தாய்க்குச் செய்யும் கைம்மாறாகும்.

கல்லூரி வாழ்க; அதன் வாயில் யாவர்க்கும் திறந்திருப்பதாக.